பிப்ரவரி இரண்டாவது வாரம்

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சீசன். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. முதலாளி முதல் தரை துடைக்க வரும் அம்மா வரை எல்லாருக்கும் அவர் சீசன் சார்தான். மலைக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு வண்டியும் அறையும் ஏற்பாடு செய்து கொடுக்கிற இடம் அது. கண்ணாடி போட்ட மேசை, கண்ணாடிக்கு அடியில் மலைப்பாதையின் வரைபடம், இரண்டு தொலைபேசி, ஒரு சக்கரம் உடைந்து எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தே நிற்கும் நாற்காலி. அந்தச் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்காரப் பழகி, பனி பார்க்க எப்போது போகலாம் என்று கேட்கிற குடும்பங்களுக்குப் பத்தொன்பது வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புகிற ஆள் இல்லை அவர். தடித்த நோட்டு ஒன்று வைத்திருந்தார். மலையிலிருந்து இறங்குகிற டிரைவர் யாராக இருந்தாலும் பிடித்து உட்காரவைத்து, முதல் பனி என்றைக்கு விழுந்தது, எத்தனை சாண் நின்றது, எத்தனை நாளில் கரைந்தது, பாதை எத்தனை நாள் மூடிக்கிடந்தது என்று வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை செய்து எழுதிவைப்பார். டிரைவர்களுக்கு இது பெரிய தொல்லை. டீ வாங்கித் தருவார் என்பதால் பொறுத்துக்கொண்டார்கள்.

நோட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நவம்பரில் முதல் பனி விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஒரு குடும்பத்தை அவசர அவசரமாக அனுப்பிவைத்தார். அவர்கள் போய்ச் சேருவதற்குள் பனி கரைந்து மலை முழுக்கச் சேறு. திரும்பிவந்த குடும்பத் தலைவர் டிக்கெட் உறையைச் சுருட்டி, நாலு பேர் பார்க்க இவர் முகத்தில் எறிந்துவிட்டுப் போனார். உறை கனமில்லைதான், ஆனால் பட்ட இடம் அப்படி. அன்று சாயங்காலமே நோட்டு வாங்கினார். அதன் பிறகு அவர் அனுப்பிய ஒரு குடும்பமும் ஏமாந்து திரும்பியதில்லை.

கேட்கிறவர்களுக்கு அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான். நவம்பர் பனி வாசல்வரை வந்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போகிற விருந்தாளி, அதை நம்பி மூட்டை கட்டாதீர்கள். டிசம்பரில் பனியைவிட ஜனம் அதிகம். ஜனவரியில் பாதை மூடும், மூடுபனியில் முன்னால் போகிறவன் முதுகுகூடத் தெரியாது. மார்ச்சில் சேறு. பிப்ரவரி இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை ஏறுங்கள், வெள்ளிக்கிழமை இறங்குங்கள். நாலு நாளும் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், பனியும் முழங்கால்வரை நிற்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டுக் குளிர்பெட்டியின் உச்சியில் படிகிற பனியைத் தவிர வேறு பனியை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஊருக்குத்தான் உபதேசம். பிப்ரவரியில் இரண்டு தொலைபேசியும் மாற்றி மாற்றி அலறும்போது முதலாளி எங்கே லீவு கொடுப்பார்? லீவு கிடைக்கிற மாதத்திலோ மலையில் பார்க்க ஒன்றும் இருக்காது. சேறு பார்க்கவா இவ்வளவு தூரம் போவது என்று அவர் வருஷாவருஷம் கேட்பார். "அதுவும் சரிதான், நம்ம தெருவுல இல்லாத சேறா" என்று அவர் மனைவி சொல்லிவிட்டு எழுந்துபோவாள்.

அந்த அம்மாளின் கண்ணைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஏற்றுமதிச் சட்டைகள் தைக்கிற ஆலையில் அவளுக்குச் சோதனை மேசையில் வேலை. தைத்து முடித்த சட்டையை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, ஒரே பார்வையில் விட்டுப்போன தையலைக் கண்டுபிடித்துச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுவாள். அவள் மேசையைத் தாண்டிய சட்டை திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. வீட்டிலும் அதே கண். கணவர் காலரில் பொத்தான் தளர்ந்தால் அவருக்குத் தெரியுமுன் அவளுக்குத் தெரியும்.

சர்க்கரை நோய் அந்தக் கண்ணைத்தான் தேடிப் பிடித்தது. முதலில் இடது கண். உள்ளே ரத்தம் கசிந்து, சிகிச்சை செய்தும் பலனில்லாமல் இரண்டு வருஷத்துக்கு முன்பு அது போனது. ஒற்றைக் கண்ணோடு இன்னும் ஒரு வருஷம் சோதனை மேசையில் தாக்குப்பிடித்தாள். அப்புறம் அவள் தாண்டவிட்ட சட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தன. மேற்பார்வையாளர் எதுவும் சொல்வதற்கு முன்னால் அவளே சுண்ணாம்புக் கட்டியை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

செப்டம்பரில் வலது கண்ணையும் சோதித்த கண் டாக்டர் கையில் இருந்த பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "எத்தனை நாள்னு என்னால சொல்ல முடியாதும்மா. ஆறு மாசம் இருக்கலாம், ஒரு வருஷமும் இருக்கலாம். அதுக்கு முன்னாடியே போகவும் வாய்ப்பு இருக்கு. பார்க்கணும்னு நினைக்கிறதைத் தள்ளிப் போடாம பாத்துடுங்க."

ஆஸ்பத்திரியை விட்டு இறங்கி இரண்டு பேரும் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார்கள். நிறுத்தத்தில் நிழல்கூட இல்லை. அவள் முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, போகிற வண்டிகளைப் பார்த்தபடி சொன்னாள்.

"இத்தனை வருஷமா யார் யாரையோ அனுப்பிட்டீங்க. என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. கண்ணு இருக்கும்போதே பனியைப் பாத்துடறேன்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். கண்டிப்பா என்றார். வேலையே போனாலும் இந்த வருஷம் போகிறோம் என்றார். மனிதர் மனதாரத்தான் சொன்னார், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறையெல்லாம் அடுத்த நாள் காலையில் அவர் நோட்டை விரித்ததில்தான் ஆரம்பித்தது.

டாக்டர் மூன்று வார்த்தை சொல்லியிருந்தார்: ஆறு மாசம், ஒரு வருஷம், அதற்கு முன்பே. இவரோ பேரம் முடிக்கிறவர் மாதிரி நடுவில் ஒன்பது மாசத்தை எடுத்துவைத்துக்கொண்டார். ஒன்பது மாசமென்றால் ஜூன். பிப்ரவரி அதற்குள்தானே வருகிறது? மூன்றாவது வார்த்தையை அவர் காது வாங்கவே இல்லை. மற்றவர்களுக்கு நல்ல பனி, நம்மவளுக்கு மட்டும் கிடைத்த பனியா என்று அவருக்குள் ஒரு வீம்பு கிளம்பிவிட்டது. வாழ்நாளில் ஒரே தடவை பார்க்கப்போகிறாள், அந்த ஒரு தடவை பத்தொன்பது வருஷ நோட்டிலேயே சிறந்த வாரமாக இருக்க வேண்டும்.

வேலை மும்முரமாக நடந்தது. சூடேற்றும் கருவி உள்ள அறை, அதுவும் சன்னலைத் திறந்தால் சிகரம் தெரிகிற கடைசி அறை. மாத்திரையையும் ஊசி மருந்தையும் குளிரில் எப்படிப் பாதுகாப்பது என்று மருந்துக்கடைக்காரரிடம் இரண்டு முறை விசாரணை. பத்தாம் வகுப்பு படிக்கிற மகளுக்கு மார்ச்சில் பரீட்சை. அதற்குமுன் போகவரச் சேர்த்து ஒரு வாரம் விடுப்புக்குப் பள்ளியில் கடிதம். முதலாளி முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு லீவு கொடுத்தார். செவ்வாய் ஏறி வெள்ளி இறங்குவது என்று நாள்காட்டியில் மகள் பச்சை மையால் கோடு போட்டாள்.

நவம்பர் மூன்றாம் வாரம், காலை பதினொரு மணி இருக்கும், மலை டிரைவர் அழைத்தார். இருபது வருஷமாக அதே பாதையில் வண்டி ஓட்டுகிறவர். காற்றின் இரைச்சலுக்கு நடுவே கத்திப் பேசினார்.

"சார், ராத்திரியிலேருந்து கொட்டிக்கிட்டே இருக்கு. இப்பவே முழங்கால் தொடுது. அம்மாவுக்குக் கண்ணு சரியில்லைன்னு சொன்னீங்களே, கூட்டிட்டு வந்துடுங்க. அடிவாரத்துல வண்டியோட நான் நிக்கிறேன்."

சீசன் சார் நோட்டைப் புரட்டினார். பத்தொன்பது முதல் பனிகளில் பதினாறு மூன்று நாளுக்குள் கரைந்தவை. போய்ச்சேரவே ஒன்றரை நாள் ஆகும். மூக்குமேல் வந்து விழுந்த அந்த டிக்கெட் உறை இன்னும் அவருக்கு மறக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று தொலைபேசியை வைத்தார். யோசிக்க ஒன்றும் இல்லை, முடிவு பத்தொன்பது வருஷத்துக்கு முன்பே எடுத்தாகிவிட்டது.

வீட்டுக்குப் போய் அதை அவரே ஒரு வேடிக்கைச் செய்தி போலச் சொன்னார். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"போயிடலாமாங்க? எனக்குக் கிளம்ப ஒரு மணி நேரம் போதும்."

அவர் நோட்டை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வருஷம் வருஷமாக விரலை வைத்து விளக்கினார். அரை மணி நேரம். அவள் அந்தப் பக்கங்களை ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள், எழுத்து அவளுக்குத் தெரிந்ததா இல்லையா என்று அவர் கேட்கவில்லை. முடிவில் அவள், "சரி, உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு மறுபடி துணியை மடிக்க ஆரம்பித்தாள். அந்த வார்த்தையில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட ஏற்பட்டது.

மின்விசிறி பழுது பார்க்கிற மச்சினன் மறுநாள் போனில் பிடித்தான். அக்காளுக்குத் தெரியாமல் பேசினான்.

"மாமா, பனி கம்மியா இருந்தா என்ன இப்போ? அக்காவுக்கு ஒரு கை பனி போதும். கூட்டிட்டுப் போங்க மாமா."

நீ விசிறியைப் பார், மலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் ஒரு பள்ளி ஆசிரியை குடும்பத்தோடு வந்து, இப்போதே போக வேண்டும் என்று அடம்பிடித்தார். இவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. பிறகு உங்கள் பாடு என்று பதிவுசெய்து கொடுத்தார்.

அந்த வருஷத்து முதல் பனி பதினொரு நாள் நின்றது. ஆசிரியை திரும்பிவந்து, நன்றி சொல்லிவிட்டு, போனில் ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். குழந்தைகள் இடுப்பளவு வெள்ளையில் புரண்டுகொண்டிருந்தார்கள், மேலே நீல வானம். சீசன் சார் எல்லாப் படத்தையும் பார்த்தார். ஆசிரியை போன பிறகு நோட்டைத் திறந்து 'பதினொரு நாள்' என்று எழுதினார். பிப்ரவரியில் இதைவிட நன்றாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வீட்டில் இதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

டிசம்பரில் வீட்டுக்குள் சின்னச் சின்ன மாற்றங்கள். டீயை அவள் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினாள், கைதவறிவிட்டது என்றாள். காய்கறி நறுக்குவதை மகள் எடுத்துக்கொண்டாள். அம்மாவும் மகளும் எங்கே போனாலும் கைகோத்துக்கொண்டே போனார்கள். வளர்ந்த பெண்ணுக்கு அம்மாமேல் இவ்வளவு பாசமா என்று அவர் பூரித்துப்போனார். காலர் பொத்தான் ஒன்று அறுந்து இரண்டு வாரம் அப்படியே கிடந்தது, அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"கண்ணு எப்படிம்மா இருக்கு?" என்று அவர் தினமும் கேட்டார். "அப்படியேதான் இருக்கு" என்று அவளும் தினமும் சொன்னாள். டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடலாமா என்றதற்கு, போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அவர் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாததற்குக் காரணம் நம்பிக்கை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பயம். டாக்டர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டால், நவம்பர் பதினொரு நாளுக்கு யார் பதில் சொல்வது? அதனால் அவள் சொன்ன பொய்யை அவர் இரண்டு கையாலும் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டார். ஒரே வீட்டில் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாத மாதிரி நடந்துகொண்டு, பயணத்துக்குக் கம்பளிச் சட்டை வாங்கினார்கள்.

பிப்ரவரி இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை மலையேறினார்கள். நோட்டு சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை. வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. பாதை திறந்திருந்தது, கூட்டம் இல்லை. பத்து வருஷத்தில் இப்படி ஒரு பனியைப் பார்த்ததில்லை என்று மலை டிரைவரே ஒப்புக்கொண்டார். வளைவு திரும்பியதும் முழு மலையும் வெள்ளையாக எழுந்து எதிரில் நின்றபோது, எத்தனையோ பேருக்கு வாயால் விற்ற அந்தக் காட்சியை முதல் முறையாகத் தன் கண்ணால் பார்த்த சீசன் சாருக்கு அழுகை வந்துவிட்டது. "பாரும்மா, பாரு" என்று பின்னால் திரும்பினார். அவள் சன்னல் பக்கம் முகத்தை வைத்துச் சிரித்தாள். மகள் குனிந்து கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

வண்டி நின்ற இடத்தில் பனியில் நடக்கிற காலணிகளை வாடகைக்கு விடுகிற கடை ஒன்று இருந்தது. நாலு பக்கமும் பச்சை வண்ணம் அடித்த தகரச் சுவர். காற்றுக்கு மறைவாக அம்மாவை அந்தச் சுவரோரம் நிறுத்திவிட்டு, மகள் காலணி அளவு பார்க்கப் போனாள். அவர் டீ வாங்கப் போனார். மூன்று கோப்பையையும் இரண்டு கைக்குள் அடக்கிக்கொண்டு, வழுக்காமல் பார்த்துப் பார்த்து வந்தார்.

அவள் தகரச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

சுவருக்கும் அவள் முகத்துக்கும் இரண்டு முழம் இடைவெளி இருக்கும். மத்தியான வெயில் பட்டுத் தகரம் பளபளத்தது. அந்தப் பளபளப்பு மட்டும்தான் அவள் கண்ணுக்குள் போயிருக்க வேண்டும். தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, உச்சியைத் தேடுகிறவள் போல மேலே பார்த்தாள். மலை அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பனியில் நெறுநெறுக்கும் அவர் காலடி கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"நீங்க சொன்ன மாதிரியே இருக்குங்க. எவ்வளவு உசரம். இப்படி ஒரு வெள்ளையை நான் எங்கேயும் பாத்ததில்லை."

அவர் அசையவில்லை. டீ கையில் வழிந்து சுட்டது, அதுவும் அவருக்கு உறைக்கவில்லை. காலணிகளை அள்ளிக்கொண்டு வந்த மகள் இரண்டு பேரையும் பார்த்து அப்படியே நின்றாள். அவர் மகளைத் தள்ளி அழைத்துக்கொண்டு போய் வாயசைத்துத்தான் கேட்டார், எப்போதிலிருந்து என்று.

"டிசம்பர் பத்தாம் தேதியிலேருந்துப்பா." அவளும் குரலைத் தாழ்த்தினாள். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. தெரிஞ்சா நீங்க உங்களை மன்னிக்கவே மாட்டீங்களாம்."

டிசம்பர் பத்து. நவம்பர் பனி கரைந்த பிறகு ஒரு வாரத்துக்குமேல் அந்தக் கண் உயிரோடு இருந்திருக்கிறது. பார்க்க ஒன்றும் இல்லாமல், நாள்காட்டியில் மகள் போட்ட பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. இந்த இடத்துக்கென்றே செய்துவைத்த பழமொழி ஒன்று தமிழில் உண்டு. கண்ணையும் சூரியனையும் பற்றியது, எல்லாருக்கும் தெரியும். அதைச் சொல்லி அவரைக் குத்த வேண்டியதில்லை. அவர் நெஞ்சுக்குள் அது அப்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

திரும்பிவந்து அவள் பக்கத்தில் நின்றார். தோளைப் பிடித்து அவளை மலைப் பக்கம் திருப்பியிருக்கலாம். திருப்பினால் தனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இரண்டு மாசமாக அவள் பொத்திப் பொத்திக் கட்டியதை ஒரு கையசைவில் இடிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. தானும் தகரத்தைப் பார்த்தபடி நின்றார். ஒரு கோப்பையை அவள் விரல்களுக்குள் வைத்து, அவள் பிடித்துக்கொள்ளும்வரை விடாமல் இருந்தார்.

"நல்லா இருக்கில்ல?" என்றாள்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார்.

டீயைக் குடித்து முடித்ததும், வந்ததற்கு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று அவளே சொன்னாள். மலை பின்னால் தெரிகிற மாதிரி நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டே, தகரச் சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். திரும்பியதும் முழு மலையும் அவள் முகத்துக்கு நேராக வந்துவிட்டது. பனியிலிருந்து எகிறிய வெளிச்சம் கன்னத்திலும் நெற்றியிலும் விழுந்தது. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மலையைப் பார்த்துச் சிரித்தாள். அவர் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டார். மகள் போனைத் தூக்கிப் பிடித்தாள். படத்தில் அம்மா, அப்பா, பின்னால் பச்சைத் தகரம், அதில் காலணி அளவுகள் எழுதின பலகை.

"மலை முழுசா வந்திருக்கா?" என்று அவள் கேட்டாள்.

மகள் அப்பாவைப் பார்த்தாள்.

"முழுசா வந்திருக்கும்மா" என்றார்.